ஆளு பெருசு, ஃப்ரேம் சிறுசு: சின்ன ரோடு பைக்கை உடம்புக்கு ஏத்த மாதிரி மாத்துறது பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்ன வயசுல நாங்கெல்லாம் குரங்கு பெடல்லதான் சைக்கிள் கத்துக்கிட்டோம். மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்த 22 இன்ச் வண்டி, பாருக்கு மேல காலைப் போட்டா பெடல் எட்டாது, அதனால பாருக்கு அடியில காலை நுழைச்சு இடுப்பை ஒரு பக்கமா ஒடிச்சு மிதிக்கணும். இப்ப நிலைமை அப்படியே தலைகீழ். என் உயரம் 5 அடி 11 இன்ச், மச்சான் வெளிநாடு போகும்போது "சும்மா நிக்கிறதுக்கு நீங்க ஓட்டுங்க மாமா"ன்னு குடுத்துட்டுப் போன ரோடு பைக் 52 சென்டிமீட்டர் ஃப்ரேம் சைஸ். முதல் நாள் அழகர்கோவில் ரோட்டுல போகும்போது டீக்கடையில நின்ன ஒரு பெரியவர் "என்னப்பா மகன் வண்டியா?"ன்னு கேட்டுட்டார். அதுக்கப்புறம் ரெண்டு வருசமா அதை நோண்டி நோண்டி இப்ப 80 கிலோமீட்டர் போனாலும் முதுகு திட்டாத அளவுக்குக் கொண்டு வந்துருக்கேன். காலையில கூட ஓட்டுற தம்பிங்க கேக்குற கேள்விங்க எல்லாம் திரும்பத் திரும்ப ஒண்ணாத்தான் இருக்கு, அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன்.

ஃப்ரேம் எனக்கு சின்னதுன்னு எப்படிண்ணே உறுதியா சொல்றது?

சீட் போஸ்ட், அதாவது சீட்டைத் தாங்குற குழாய், நிறைய வெளியில தெரியுதுன்னு மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. பழைய ஃப்ரேம்ல மேல் பார் படுக்கை வசமா நேரா இருக்கும், அதுல ஒரு முஷ்டி அளவு போஸ்ட் தெரிஞ்சா சைஸ் சரின்னு சொல்லுவாங்க. 1990கள் கடைசியில ஜயண்ட் கம்பெனி டிசிஆர்னு ஒரு மாடல் கொண்டு வந்தப்ப மேல் பாரை பின்பக்கம் சரிச்சு விட்டாங்க, அதுக்கப்புறம் எல்லா கம்பெனியும் அந்த வழிக்கு வந்துட்டாங்க. சரிஞ்ச பார் இருந்தா போஸ்ட் நீளமாத்தான் தெரியும், அது குறை இல்ல.

அளந்து பாருங்க. வெறுங்காலோட செவத்துல முதுகை ஒட்டி நில்லுங்க, ஒரு தடி நோட்டை ரெண்டு காலுக்கு நடுவுல வச்சு சீட்டுல உக்காந்தா எம்புட்டு அழுத்தம் இருக்குமோ அம்புட்டு மேல தூக்கிப் பிடிச்சு, நோட்டோட மேல் விளிம்புல இருந்து தரை வரைக்கும் டேப் வைங்க. அதுதான் உள்கால் அளவு. எனக்கு 85 சென்டிமீட்டர். இதை 0.66ஆல பெருக்கினா பழைய கணக்குப்படி ஃப்ரேம் சைஸ் வரும், 85க்கு 56. என்கிட்ட இருக்கிறதோ 52. ஆனா ஸ்டிக்கர்ல இருக்கிற நம்பரை அப்படியே நம்பிடாதீங்க, ஒரு கம்பெனி 54ங்கிறதை இன்னொரு கம்பெனி 56ங்கும், சிலது வெறும் எஸ், எம், எல் மட்டும்தான் போட்டிருக்கும். உண்மையா ரெண்டு ஃப்ரேமை ஒப்பிடணும்னா ஸ்டாக், ரீச்னு ரெண்டு அளவு கம்பெனி சார்ட்டுல இருக்கும், பெடல் கை ரெண்டும் சேர்ந்து சுத்துற நடு அச்சுல இருந்து ஹெட் டியூப் (ஃபோர்க் நுழையிற முன் குழாய்) உச்சி எம்புட்டு உயரம், எம்புட்டு முன்னாடி, அம்புட்டுதான் விசயம்.

எம்புட்டு சின்னதா இருந்தா சமாளிக்கலாம்?

ஒரு சைஸ் சின்னதுன்னா தாராளமா சமாளிக்கலாம். ரெண்டு சைஸ்னா என்னை மாதிரி சும்மா கிடைச்ச வண்டியா இருந்தா முயற்சி பண்ணுங்க, காசு குடுத்து வாங்கப் போறீங்கன்னா வேணாம். மூணு சைஸ்னா விட்ருங்க, வீட்டுல சின்னப் பிள்ளை யாராச்சும் இருந்தா குடுங்க.

இன்னொண்ணு, பெரிய ஃப்ரேமை சின்ன ஆளுக்கு இறக்குறதைவிட சின்ன ஃப்ரேமை பெரிய ஆளுக்கு ஏத்துறது சுலபம். நீட்டலாம், உசத்தலாம், ஆனா இருக்கிற பாரை வெட்டிக் குறைக்க முடியாதுல்ல.

முதல்ல எதுல கை வைக்கணும்?

சீட்டு. எல்லாரும் ஹேண்டில்தான் கிட்ட இருக்குன்னு ஸ்டெம்மை (ஹேண்டிலை ஃபோர்க் குழாயோட சேர்க்குற துண்டு) மாத்த ஓடுறாங்க, நானும் அப்படித்தான் ஓடி ஒரு ஸ்டெம் தண்டமா வாங்கினேன். சீட்டு உங்க காலுக்கும் பெடலுக்கும் இடையில உள்ள சங்கதி, ஹேண்டில் உங்க முதுகுக்கும் கைக்கும் இடையில உள்ள சங்கதி. சீட்டு ஒரு இடத்துல நிலைச்சு நிக்காம ஹேண்டிலை அளந்தா அளவெல்லாம் தப்பாத்தான் வரும்.

உயரத்துக்கு ஒரு கணக்கு இருக்கு, உள்கால் அளவை 0.883ஆல பெருக்குங்க. டூர் டி ஃபிரான்ஸை 1986, 1989, 1990னு மூணு தடவை ஜெயிச்ச கிரெக் லெமாண்ட் பேர்ல பரவின கணக்கு இது. பெடல் கை ரெண்டும் சுத்துற நடு அச்சுல இருந்து சீட்டு மேல் பக்கம் வரைக்கும் சீட் டியூப் (போஸ்ட் இறங்குற ஃப்ரேம் குழாய்) போற திசையிலேயே அளக்கணும். எனக்கு 75 சென்டிமீட்டர் வந்துச்சு. இது ஆரம்பப் புள்ளிதான், வேதவாக்கு இல்ல. சீட்டுல உக்காந்து குதிகாலை பெடல்ல வச்சு கீழ கொண்டு போனா கால் சரியா நீளணும், அப்புறம் வழக்கம் போல முன்பாதத்தால மிதிச்சா முழங்கால் கொஞ்சூண்டு மடங்கி இருக்கும். பின்னாடி வர்ற ஆளை பாக்கச் சொல்லுங்க, உங்க இடுப்பு அங்கிட்டும் இங்கிட்டும் ஆடுச்சுன்னா சீட்டு ஏறிப் போச்சுன்னு அர்த்தம், அரை சென்டிமீட்டர் இறக்குங்க.

சீட் போஸ்ட்டை எம்புட்டு வெளிய இழுக்கலாம்?

போஸ்ட்ல ஒரு கோடு போட்டு மினிமம் இன்சர்ட்னு பொறிச்சிருப்பான். அந்தக் கோடு வெளிய தெரியக் கூடாது, முடிஞ்சது கதை. ஆனா கோடு உள்ள இருந்தா மட்டும் போதாது, அது போஸ்ட்டைக் காப்பாத்துற கோடு, ஃப்ரேமைக் காப்பாத்தணும்னா போஸ்ட்டோட அடி நுனி மேல் பார் வந்து சேர்ற இடத்தைத் தாண்டி கீழ இறங்கி இருக்கணும். இல்லாட்டி உங்க எடை மொத்தமும் நெம்புகோல் மாதிரி சீட் டியூப் உச்சியை மட்டும் நெம்பும், அலுமினியமா இருந்தா அந்த இடத்துல கீறல் விடும், கார்பனா இருந்தா சொல்லாமக் கொள்ளாமப் போயிரும்.

நான் பண்ண கூத்தைச் சொல்றேன். மச்சான் வண்டியில வந்த போஸ்ட் 300 எம்எம், அவன் சீட்டு 69ல இருந்துச்சு, நான் 75க்குத் தூக்கினேன், அதாவது 6 சென்டிமீட்டர். கோடு கொஞ்சம் வெளிய தெரிஞ்சுச்சு, "ஒரு விரல்தானே"ன்னு விட்டுட்டேன். ஒரு மாசம் மிதிக்கிறப்ப எல்லாம் கிரீச் கிரீச்னு சத்தம், செயின்தான்னு நெனச்சு எண்ணெயா ஊத்திக்கிட்டு இருந்தேன். கடைசியில மெக்கானிக் அண்ணன் போஸ்ட்டை உருவிப் பாத்துட்டு, உள்ள இருந்த அளவை விரலால அளந்து காமிச்சு, "தம்பி, மேலூர் ரோட்டுல லாரிக்கு முன்னாடி இது கழண்டிருந்தா?"ன்னு மட்டும் கேட்டார். அன்னைக்கே 400 எம்எம் போஸ்ட் வாங்கிட்டேன்.

வாங்கும்போது விட்டம் ரொம்ப முக்கியம். 27.2, 30.9, 31.6 இதெல்லாம் அதிகமா வர்ற அளவு, பழைய போஸ்ட் அடியில பொறிச்சிருக்கும். 27.2 போஸ்ட்டை 31.6 ஓட்டையில வைக்க ஷிம்னு ஒரு குழாய் கிடைக்கும், 31.6 போஸ்ட்டை 27.2 ஓட்டையில வைக்க வழியே கிடையாது. ஏரோ ஃப்ரேம்னா போஸ்ட் தட்டையா அந்தக் கம்பெனிக்குன்னே செஞ்சதா இருக்கும், கம்பெனியே நீளமானது வித்தாத்தான் உண்டு. அலுமினியம் போஸ்ட்டை உள்ள விடுறப்ப கிரீஸ் தடவுங்க, நம்ம ஊரு வேர்வைக்கு ஒரே வருசத்துல ஃப்ரேமோட ஒட்டிக்கிட்டு பிடிவாதம் பிடிக்கும். கார்பன்னா கிரீஸ் வேணாம், அதுக்குன்னு மணல் மாதிரி நெறுநெறுன்னு ஒரு பேஸ்ட் இருக்கு.

ஹேண்டில் கிட்ட இருக்குன்னா சீட்டைப் பின்னாடி தள்ளிட்டா போதாதா?

போதாது, அது தப்பும்கூட. சீட்டை உயர்த்தினாலே அது தானா பின்னாடிதான் போகும், ஏன்னா சீட் டியூப் சாஞ்சு இருக்கு. 73 டிகிரி சாய்வுன்னா 1 சென்டிமீட்டர் ஏத்தினா கிட்டத்தட்ட 3 எம்எம் பின்னாடி போகும். நான் 6 ஏத்தினேன், ஒண்ணே முக்கால் சென்டிமீட்டர் சும்மாவே கிடைச்சிருச்சு. அதுக்கு மேலயும் தேவையான்னு முழங்காலைத்தான் கேக்கணும். பெடல் ரெண்டும் மட்டமா இருக்கும்போது முன் முழங்காலுக்குக் கீழ இருந்து ஒரு நூல்ல நட்டு கட்டித் தொங்க விடுங்க, கொத்தனார் தூக்குக்குண்டு மாதிரி. நூல் பெடல் அச்சுக்கு நேரா வந்தா நல்லது, கொஞ்சம் பின்னாடி இருந்தாலும் பரவாயில்ல. முன்னாடி விழுந்தா சீட்டைப் பின்னாடி தள்ளலாம், சீட்டுக்கு அடியில இருக்கிற தண்டவாளக் கம்பி பத்தலன்னா 20, 25 எம்எம் பின்வாங்கின தலை உள்ள போஸ்ட் கிடைக்குது. இதெல்லாம் காலுக்காக. கை எட்டுறதுக்காக சீட்டை நகட்டுறது, செருப்பு கடிக்குதுன்னு காலைச் செதுக்குற கதை.

ஸ்டெம் எம்புட்டு நீளம் போடலாம்? திருப்பிப் போட்டா என்ன ஆகும்?

இங்கதான் செத்த நேரம் உக்காந்து யோசிக்கணும். சீட்டு 6 சென்டிமீட்டர் மேல போச்சு, ஹேண்டில் இருந்த இடத்துலயே இருக்கு. மச்சானுக்கு சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் உயர வித்தியாசம் 4 சென்டிமீட்டர், எனக்கு அது 10 ஆயிருச்சு. நான் என்னமோ வண்டி நீளம் பத்தலன்னு நெனச்சு 120 எம்எம் ஸ்டெம் வாங்கி, அதுவும் கீழ பாத்த மாதிரி மாட்டி ஓட்டினேன். நாகமலை புதுக்கோட்டை தாண்டுறதுக்குள்ள கழுத்து இறுகிப் போச்சு. சின்ன ஃப்ரேம்ல பெரிய ஆளை வாட்டுறது பெரும்பாலும் நீளம் இல்லங்க, அந்த இறக்கம்தான். உசரத்தைச் சரி பண்ணிட்டு நீளத்தைப் பாருங்க.

கணக்கா சொல்றேன். ஹெட் டியூப் 73 டிகிரின்னு வைங்க. கடையில வர்ற சாதா ஸ்டெம் 6 டிகிரி வளைவு, கீழ பாத்து மாட்டியிருப்பான். மச்சான் வண்டியில வந்த 90 எம்எம் ஸ்டெம் அப்படி இருந்தா ஹேண்டிலை சுமார் 17 எம்எம் உசத்தும், 88 எம்எம் முன்னாடி தள்ளும். அதே ஸ்டெம்மைக் கழட்டித் தலைகீழா மாட்டினா 35 எம்எம் உசத்தும், அதாவது பைசா செலவு இல்லாம 18 எம்எம் உயரம், நீளத்துல 5, 6 எம்எம் மட்டும் குறையும். இப்ப 110 எம்எம் ஸ்டெம்மை மேல பாத்து மாட்டினா 43 எம்எம் உயரம், 101 எம்எம் நீளம். பழைய நிலைமையோட பாத்தா ரெண்டரை சென்டிமீட்டர் மேல, ஒண்ணே கால் சென்டிமீட்டர் முன்னாடி, ஒரே சாமான்ல ரெண்டு வேலை. 10 சென்டிமீட்டர் இறக்கம் ஏழரைக்கு வந்துருச்சு. அதுவும் பத்தாதவங்களுக்கு 17 டிகிரி ஸ்டெம்மை மேல பாத்து மாட்டலாம், பாக்க நல்லா இருக்காது, நல்லா இருக்கான்னு பாக்கிறது ரோட்டுல போறவன், ஓட்டுறது நீங்க.

நீளத்துக்கு எல்லை 120, போனா 130. அதுக்கு மேல முன் சக்கரத்துல எடை ஏறிப் போகும், ஹேண்டில் திரும்புறது மந்தமாகும். திண்டுக்கல் பக்கம் சிறுமலையில 18 கொண்டை ஊசி வளைவு இருக்கு, ஏறும்போது ஒண்ணும் தெரியாது, இறங்கும்போது தெரியும்.

மாத்தும்போது ரெண்டு அளவு பாத்து வாங்குங்க, ஃபோர்க் குழாயைப் பிடிக்கிற பக்கம் இப்ப வர்ற வண்டியில பெரும்பாலும் 28.6 எம்எம், ஹேண்டிலைப் பிடிக்கிற பக்கம் 31.8, பழசா இருந்தா 25.4 இல்ல 26. 25.4க்கும் 26க்கும் பெருசா வித்தியாசம் இல்லன்னு எவனாச்சும் சொன்னா அந்தக் கடையில வாங்காதீங்க. போல்ட் முறுக்குறதுக்கும் வரிசை இருக்கு, முதல்ல மேல் மூடி போல்ட்டை ஹேண்டில் ஆட்டம் நிக்கிற வரைக்கும் லேசா, அப்புறம் பக்கவாட்டு ரெண்டு போல்ட். ஸ்டெம்லயே 5 நியூட்டன் மீட்டர்னு போட்டிருக்கும், டார்க் ரெஞ்ச் இல்லாம கார்பன்ல மட்டும் கை வச்சிராதீங்க.

ஸ்டெம் மாத்தியும் ஹேண்டில் கீழதான் இருக்கு, ஸ்பேசர் போடலாமா?

ஃபோர்க் குழாய் மிச்சம் இருந்தாத்தான் போட முடியும். நிறைய பேர் வண்டி வாங்கின ஜோர்ல "சுத்தமா இருக்கும்"னு குழாயை வெட்டிருவாங்க, வெட்டினது வெட்டினதுதான். ஸ்டெம்முக்கு மேல ஸ்பேசர், அதாவது குழாயில கோர்க்குற வளையம், இருக்கான்னு பாருங்க, இருந்தா அதைக் கீழ கொண்டு வந்தாலே உயரம் கிடைச்சிரும். 1 சென்டிமீட்டர் ஏத்தினா 3 எம்எம் உங்க பக்கம் வரும், அதை ஸ்டெம் நீளத்துல ஈடு கட்டிக்கணும். குழாய் கார்பன்னா 3, 4 சென்டிமீட்டருக்கு மேல ஸ்பேசர் அடுக்கக் கூடாதுன்னு நிறைய கம்பெனி சொல்றான், உங்க வண்டி மேனுவல்ல பாத்துருங்க. குழாய் மேல மாட்டுற எக்ஸ்டெண்டர் இரும்பு, அலுமினியம் குழாய்க்குத்தான், கார்பனுக்கு ஆகவே ஆகாது.

என்னோடது பழைய ஸ்டீல் வண்டி, ஸ்டெம் குழாய்க்குள்ள இறங்குற மாதிரி இருக்கு. அதுக்கு?

நீங்க குடுத்து வச்சவங்க. மேல இருக்கிற போல்ட்டை நாலு சுத்து தளர்த்தி, ஒரு மரக்கட்டையை வச்சு லேசா ஒரு தட்டு தட்டினா உள்ள இருக்கிற ஆப்பு விடும், அப்புறம் அப்படியே மேல இழுக்கலாம். அதுலயும் எல்லைக்கோடு இருக்கு, மறந்துராதீங்க. நீளமான கழுத்து உள்ள ஸ்டெம்மும் கிடைக்கும், இல்லாட்டி அடாப்டர் ஒண்ணு போட்டு இப்ப வர்ற ஸ்டெம்மையே மாட்டிக்கலாம்.

ஹேண்டில்பாரையும் மாத்தணுமா?

தோள் அகலத்தைப் பொறுத்தது. சின்ன ஃப்ரேம்ல 40 சென்டிமீட்டர் பார் வரும், தோள் அகலமான ஆளுக்கு 42, 44 போட்டா மூச்சு விடுறதே லேசா இருக்கும். பாரோட முன்நீட்டம் 70ல இருந்து 85 எம்எம் வரைக்கும் இருக்கு, அதுலயும் ஒரு சென்டிமீட்டர் தேறும். என் கருத்துல இது கடைசி வேலை, கிரிப் டேப் எல்லாம் உரிச்சு மறுபடி சுத்தணும்.

கேபிள் பத்துமா?

பெரும்பாலும் பத்தாது. ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாருங்க, எங்கயாச்சும் ஒயர் விறைச்சு இழுத்தா, இல்ல பிரேக் தானா பிடிச்சா, மாத்தியே ஆகணும். ஒயர் பிரேக்குன்னா சல்லிசா முடிஞ்சிரும். எண்ணெய் பிரேக், அதுவும் ஃப்ரேமுக்கு உள்ள ஓடுறதுன்னா ஸ்டெம் வாங்குறதுக்கு முன்னாடியே மெக்கானிக்கிட்ட கேட்டுக்கங்க, ஸ்டெம் விலையைவிட அந்த வேலைக்கூலி அதிகமாயிரும்.

திரும்பும்போது ஷூ முன் டயர்ல இடிக்குது, இது ஆபத்தா?

வேகமா போறப்ப இல்ல, ஏன்னா அப்ப ஹேண்டிலை அம்புட்டு திருப்ப மாட்டோம். பைய போறப்பதான் சிக்கல். மாசி வீதியில ஆட்டோ, தள்ளுவண்டி, மாடு எல்லாத்துக்கும் நடுவுல வளைஞ்சு நெளிஞ்சு போறீங்கன்னா ஒரு நாள் சாய்வீங்க. சின்ன ஃப்ரேம்ல பெடலுக்கும் முன் சக்கரத்துக்கும் தூரம் கம்மி, நம்ம காலோ 10 நம்பர் ஷூ. இதை எந்தச் சாமான் போட்டும் முழுசா தீர்க்க முடியாது. மெதுவா திரும்பும்போது வெளிப்பக்கக் காலைக் கீழ வச்சுக்கங்க, பழகிரும். கால் நீளம்னு சொல்லி கிராங்கை (பெடல் மாட்டுற கை) 175 எம்எம்முக்கு மாத்த சில பேர் சொல்லுவாங்க, இந்த இடி இருக்கிறப்ப அது வேணவே வேணாம், 170ஏ போதும்.

எல்லாம் மாத்திட்டேன், இன்னும் வலிக்குதே?

எங்க வலிக்குதுன்னு சொல்லுங்க. முழங்கால் முன்பக்கம்னா சீட்டு இன்னும் கீழ இருக்கு. பின்பக்கம்னா ஏறிப் போச்சு. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகுதுன்னா உள்ளங்கையில எடை ஜாஸ்தி, ஹேண்டிலை இன்னும் உசத்தணும், சீட்டு மூக்கு கீழ பாத்து இருந்தாலும் உடம்பு சறுக்கிக் கைமேல விழும், மட்டமா வைங்க. கழுத்துன்னா இறக்கம். ஒரு தடவைக்கு ஒண்ணை மட்டும் மாத்துங்க, மாத்துறதுக்கு முன்னாடி பழைய இடத்தை இன்சுலேசன் டேப்பால குறிச்சு வைங்க. மரத்துப் போறது வண்டியை விட்டு இறங்கியும் ரெண்டு மூணு நாள் இருந்தா டாக்டரைப் பாருங்க, என்னைக் கேக்காதீங்க.

ரேஸ்காரங்க எல்லாம் சின்ன ஃப்ரேம்தானே ஓட்டுறாங்க?

ஆமா, நிறைய பேர் ஒரு சைஸ் சின்னதுல 130, 140 ஸ்டெம் போட்டு ஓட்டுவாங்க, காத்து எதிர்ப்பு குறைய உடம்பைத் தாழ்த்தணும்ல. அவங்களுக்கு அந்த இறக்கம் வேணும்னு போடுறாங்க. நம்ம காலையில கீழக்குயில்குடி வரைக்கும் மிதிச்சு, சமணர் மலை அடியில தாமரைக் குளத்தைப் பாத்துட்டு, வர்ற வழியில பருத்திப்பால் குடிக்கிற கோஷ்டி.

வெல்டிங் பட்டறையில குடுத்து ஃப்ரேமையே நீட்டிரலாமா?

சிரிக்காதீங்க, இதை மூணு பேர் கேட்டுருக்காங்க. கேட் செய்யிறவர் ரொம்பக் கெட்டிக்காரர்தான், ஆனா அலுமினிய ஃப்ரேமை வெல்டு வச்ச பிறகு சூளையில சூடு காட்டிப் பதப்படுத்தித்தான் பலம் ஏத்துறாங்க, தெருவுல வெல்டு வச்சா அந்த இடத்துல பதம் போயிரும். ஸ்டீல்ல செய்யலாம்தான், அதுக்குன்னு ஃப்ரேம் கட்டுறவங்க வேற. கார்பன் பத்திப் பேசவே வேணாம்.

செலவு எம்புட்டு ஆச்சு? எப்ப விட்டுட்டு வேற வண்டி வாங்கணும்?

போஸ்ட், ஸ்டெம், கேபிள், டேப், கூலி எல்லாம் சேத்து, தண்டமா வாங்கின ஸ்டெம் உட்பட, எனக்கு ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் கீழ. ஸ்டெம் 120க்கு மேல நீளணும், போஸ்ட் 400ம் பத்தல, மேல பாத்த 17 டிகிரி ஸ்டெம் போட்டும் குனிய முடியல, இதுல ரெண்டு வந்துட்டா நிறுத்திருங்க, வண்டியை சைஸ் பொருந்துற ஆளுக்கு வித்துட்டு 56 ஒண்ணு பழசா தேடுங்க.

கழட்டின பழைய சாமானை என்ன பண்றது?

தூக்கிப் போடாதீங்க. மச்சான் இந்த வைகாசிக்கு ஊருக்கு வர்றான், "வண்டி ரெடியா இருக்கா மாமா"ன்னு போன்ல கேட்டான். 90 ஸ்டெம்மும் 300 போஸ்ட்டும் பரண்ல ஒரு மஞ்சப் பையில கிடக்கு, சீட்டு 69ங்கிறதையும் பை மேல எழுதி வச்சிருக்கேன்.